கோமாளிக்கு விட்ட இடம்

சூரனேந்தல் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏசுவடியான், எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் நாடக நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். சைக்கிளில் ஆறு மைல். வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது. முழங்கால் உயரம்கூட வராத பருத்திச் செடிகள் கருகி நின்றன. நோட்டில் ஓர் அனுமதி முத்திரை வாங்கிக்கொண்டு, மத்தியான மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் திரும்பிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

நாடகம் புதியதல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. அறுபத்தெட்டிலும் இதே மாதிரி மழை இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி என்ற பிள்ளை சிலேட்டோடு சாய்ந்துவிட்டாள். சனி, ஞாயிறு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு கிடையாது. அந்த இரண்டு நாளும் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஏசுவடியான் பதிவேட்டில் 'பசி மயக்கம்' என்று எழுதினார். பார்வையிட வந்த அதிகாரி அதன்மேல் விரலை வைத்து, "வெயில் மயக்கம்னு மாத்துங்க சார். இது இருந்தா எனக்கும் கேள்வி வரும், உங்களுக்கும் வரும்" என்றார். ஏசுவடியான் மாற்றி எழுதினார். அந்த எரிச்சல் அடங்காமல் பதினோரு நாளில் எழுதி முடித்ததுதான் 'மௌனவர்மன்' நாடகம்.

கதை ஒன்றும் சிக்கலானதல்ல. மௌனவர்மன் என்று ஒரு ராஜா. அவன் நாட்டில் மழை இல்லை. ஜனங்கள் அரண்மனை வாசலில் வந்து பசி பசி என்று கத்துகிறார்கள். "களஞ்சியத்தில் தானியம் இல்லை அரசே, ஆனால் 'பசி' என்ற சொல்லை இல்லாமல் செய்ய ஓர் ஓலை போதும்" என்கிறான் மந்திரி. பசி என்ற சொல்லுக்குத் தடை. பிறகு மழைக்குத் தடை. ஏன் என்று கேட்கிறார்கள், 'ஏன்' என்பதற்கும் தடை. நாளாக ஆக ஜனங்களுக்கே அந்தச் சொற்கள் மறந்து போகின்றன. ஒரு தாய் தன் பிள்ளைக்கு என்ன கேடு என்று வைத்தியனிடம் சொல்லத் தெரியாமல் நிற்கிறாள், பிள்ளை அவள் இடுப்பிலேயே செத்துப்போகிறது. கடைசியில் வேட்டைக்குப் போய்க் காட்டில் வழி தவறிய ராஜா, ஒரு குடிசை வாசலில் வந்து விழுகிறான். உள்ளே பானை நிறையச் சோறு இருக்கிறது. என்ன வேண்டும் என்று கேட்கிறாள் குடிசைக்காரி. ராஜாவுக்குச் சொல்ல வார்த்தை இல்லை.

அறுபத்தெட்டில் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அதைப் போட்டார்கள். பரளச்சியிலிருந்தும் எம்.ரெட்டியபட்டியிலிருந்தும்கூட ஆட்கள் வண்டி கட்டி வந்து பார்த்தார்கள். நாடகம் முடிந்த எட்டாம் நாள் கோடை மழை கொட்டியது. மழைக்கும் நாடகத்துக்கும் ஊர் அன்றைக்கே முடிச்சுப் போட்டுவிட்டது. அதனால்தான் இந்த வருஷம் ஊர்த் தலைவர் வெள்ளத்துரை, தன் பலசரக்குக் கடையை அடைத்துவிட்டு நாலு பெரிய ஆட்களோடு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "வாத்தியாரய்யா, அதே நாடகத்தைப் போடணும். சாமிக்கு நேந்தாச்சு. மாட்டேன்னு சொல்லிராதீக" என்றார். ஏசுவடியான் வேதக்காரர். சாமி நேர்ச்சையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தான் எழுதிய ஒன்றால் மழை பெய்தது என்று ஓர் ஊரே சொல்லும்போது, இல்லை என்று மறுக்க அவருக்கு மனம் வரவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ராஜகுருவுக்கு முப்பது வயது இருக்கும். வாங்க சார், உட்காருங்க சார் என்று மரியாதையாகத்தான் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து முக்கால் மணி நேரம் படித்தார். ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை மூடினார்.

"இந்த ராஜா யாரு சார்?"

"ராஜாதான் ஐயா. கற்பனை."

"எந்த ஊரு ராஜா?"

"ஊருக்குப் பேரே வைக்கலை ஐயா."

"அதான் சார் சங்கடம். பேரு இருந்தா வேற ஊருன்னு நான் மேல எழுதிருவேன்." அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ரெண்டு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா நானே சீல் அடிச்சுக் குடுத்து, வந்து பாத்திருக்கவும் செய்வேன். மெட்ராஸ்ல ஆட்சியைக் கலைச்சாச்சு, இப்ப நேரம் வேற. எமர்ஜென்சில பேப்பர்லயே பாதி வரி வெட்டித்தான் வருது. நீங்க என்னடான்னா ராஜா வார்த்தைக்குத் தடை போடுறான்னு எழுதி வச்சிருக்கீக. மழைக்காகப் போடுற நாடகம்ங்கிறீக, அதுல மழைன்னு சொன்னா சவுக்கடின்னு வருது. இதைப் படிச்சிட்டு நான் கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா என் தொப்பி போயிரும்."

"அப்ப வேண்டாம்யா. ஊர்ல சொல்லிர்றேன்."

"அப்படியும் முடியாதே சார். ஊர்ல போய் என்னன்னு சொல்லுவீக? போலீஸ் தடுத்திருச்சுன்னு. நாளைக்கு மழை பெய்யலைன்னா அந்தப் பழியும் எங்க தலையிலதான் விழும்." அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து நீட்டினார். "நாடகம் நடக்கட்டும். உறுத்துற வார்த்தையை மட்டும் மாத்திருங்க. நான் அடிச்சா கன்னாபின்னான்னு ஆயிரும். உங்க பிள்ளை, எங்க வெட்டினா அதுக்கு நோகாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

ஏசுவடியான் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். 'பசி' மட்டும் நாற்பத்தோரு இடத்தில் வந்தது. முதல் இடத்தை அடிக்கக் கை வரவில்லை. பென்சிலைக் காதில் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தார். ராஜகுரு வேறு வேலை பார்த்தார், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் 'பசி'யை அடித்து 'அசதி' என்று போட்டார். மழைக்கு 'காலம்'. தடைக்கு 'ஏற்பாடு'. சவுக்குக்கு 'கண்டிப்பு'. பத்துப் பக்கம் தாண்டியதும் கை பழகிவிட்டது. பாட்டில் வரும் சொல்லை எடுத்துவிட்டு எதுகை கெடாமல் வேறொன்றை வைக்க முடிந்தபோது, வகுப்பில் கடினமான கணக்கைப் போட்டுக் காட்டிய மாதிரி ஒரு சந்தோஷம்கூட அவருக்கு வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு முடித்தார். ராஜகுரு நினைத்தே பார்க்காத ஒரு சொல்லையும் அடித்திருந்தார்.

"'கூட்டம்'னு இருந்ததை ஏன் சார் அடிச்சீக? அது இருக்கட்டுமே."

"வேண்டாம்யா. எதுக்கு?"

ராஜகுரு அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டி, பாதிப் பக்கம் காலியாக இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். மேலே 'இங்கே கோமாளி' என்று மட்டும் எழுதியிருந்தது. இப்படி ஆறு இடம்.

"இதுல என்ன பேசுவான்?"

"அது அவனுக்கே தெரியாதுய்யா. மேடையில ஏறினப் பிறகு என்ன வாயில வருதோ அதுதான். அன்னைக்கு நடந்தது, எதுத்தாப்புல உக்காந்திருக்கவுகளைப் பாத்து..."

"யாரு கோமாளி?"

"சங்கையான்னு. எங்க ஊரு சம்சாரி, காட்டுல வெள்ளாமை பாக்குறவன். என்கூட அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவன்."

"காலி இடம் வைக்க முடியாது சார். அவன் பேசப் போறதை எழுதிக் கொண்டு வாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டான்னு நீங்க ஜாமீன் கையெழுத்துப் போடணும். நீங்க சொன்னாக் கேப்பான்ல?"

"கேப்பான்யா" என்றார் ஏசுவடியான்.

அன்று சாயங்காலம் சங்கையா தன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கமலைக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கிணற்றில் தண்ணீர் இல்லை. அவனால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். ஏசுவடியான் விஷயத்தைச் சொன்னதும் அவன் முதலில் சிரித்தான்.

"ஏலே ஏசு, நான் பேசுறதை நீ எழுதித் தரப் போறியா? பொண்டாட்டிக்கிட்ட என்ன பேசணும்னும் சேத்து எழுதிருப்பா. பெரிய உபகாரமா இருக்கும்."

"விளையாடாதலே. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எதுக்குப் போட்ட?"

"ஊரு கேக்குது. போலீஸு விட மாட்டேங்குது. நடுவுல நான் என்னலே செய்ய? மூணு பிள்ளைக இருக்கு எனக்கு. கவர்மெண்டு சம்பளம்."

சங்கையா கயிற்றைக் கீழே போட்டான். நோட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். 'எனக்கு அசதி, எனக்கு அசதி' என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "அசதின்னா படுத்துத் தூங்க வேண்டியதுதான, அரமனைக்கு ஏன் போறான் இவன்?" என்றான். ஏசுவடியான் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சரி விடு. நீ எழுதினதைத்தான் பேசுவேன். ஒரு எழுத்துக் கூடாது, குறையாது. போதுமா? போய்த் தூங்கு" என்றான் சங்கையா.

அந்த வாக்கை அவன் காப்பாற்றினான். ஏசுவடியானுக்குப் பிற்காலத்தில் தொண்டையில் முள்ளாக நின்றது இதுதான்.

பங்குனிப் பொங்கல் அன்று நாடகத்தைப் பொழுது இறங்கும்போதே ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. கோயில் பொட்டலில் தலை தலையாகக் கூட்டம். முன் வரிசையில் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு ஸ்டேஷன் ரைட்டர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் முத்திரை குத்திய நகல். ஏசுவடியான் படுதாவுக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுக்க நோட்டைப் பிரித்து வைத்திருந்தார்.

முதல் காட்சி ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் கோமாளி வந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றினான். அரண்மனைக் காவலன் குறுக்கே வந்து, "உனக்கு என்ன கேடு?" என்று கேட்டான்.

"எனக்கு... எனக்கு... அசதி" என்றான் சங்கையா.

கூட்டத்தில் ஓரிரண்டு பேர் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அசதி இல்லப்பா, பசி! போன தடவை பசின்னுதான சொன்ன?" என்றது. வேண்டுமென்று சொன்ன குரல் அல்ல. மறந்துவிட்டான் பாவம் என்று எடுத்துக் கொடுத்த குரல்.

சங்கையா திரும்பிப் பார்த்தான். அடுத்த வசனத்துக்கு வந்தான். "நேற்றும் அசதி, முந்தாநாளும்..." என்று நிறுத்தி மூச்சு வாங்கினான். அந்த இடத்தில் மூச்சு வாங்குவது அவன் எப்போதும் செய்வதுதான். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பத்து இருபது பேர் "பசி!" என்றார்கள்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. எட்டு வருஷமாகக் களை எடுக்கும்போதும் பருத்தி எடுக்கும்போதும் சொல்லிச் சொல்லிச் சிரித்த நாடகம் அது. ஒவ்வொரு வசனமும் ஊருக்குப் பாடம். மந்திரி "காலம் என்று சொன்னவருக்குக் கண்டிப்பு" என்றால், ஊர் "மழைன்னு சொன்னாச் சவுக்கடி!" என்றது. சங்கையா, எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி சொன்னான். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அடித்துப் போட்ட சொற்களை எல்லாம் ஜனங்கள் ஒன்று விடாமல் அந்தந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கட்டத்தில் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. பொட்டல் முழுக்க ஒரே குரலில் பசி, பசி என்று கேட்டது.

படுதாவுக்குப் பின்னால் ஏசுவடியானுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒருவன் எழுதியதை ஓர் ஊர் இப்படி மனத்தில் வைத்திருக்குமா? கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கும்போதுதான் படுதா ஓட்டை வழியாக ரைட்டர் பேனாவைத் திறப்பதைப் பார்த்தார்.

"நிக்காதலே! பேசிக்கிட்டே போ, சனங்களுக்கு இடம் குடுக்காத!" என்று உள்ளேயிருந்து சீறினார்.

சங்கையா படுதாப் பக்கம் பார்த்தான். அவன் முகத்தில் அரிதாரம் இருந்தது; என்ன நினைத்தான் என்று தெரியவில்லை. மிச்சத்தை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு உள்ளே வந்தான். "நீ எழுதினதுதான்யா பேசினேன்" என்றான்.

மறுநாள் காலையில் ஜீப்பே வந்து ஏசுவடியானை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போயிற்று. போகும்போது அவர் மனைவி ரோஸி வாசல்வரை வந்து, "எங்க கையெழுத்துக் கேட்டாலும் போட்டுட்டு வீட்டுக்கு வந்து சேருங்க. எதுத்துப் பேசிராதீக" என்று சொன்னாள்.

ராஜகுரு இன்று டீ வாங்கித் தரவில்லை. அவர் முகமும் தூங்காத முகமாக இருந்தது.

"யாரு சார் அந்த வார்த்தையெல்லாம் சொன்னது?"

"ஜனங்க ஐயா."

"ஜனங்கன்னு ஒரு ஆளைக் கொண்டு போய் நான் மேல நிறுத்த முடியுமா? ஆயிரம் பேரைப் பிடிக்க என்கிட்ட லாரி இல்ல. ஒரு பேரு வேணும். ஜாமீன் போட்டது நீங்க. உங்க பேரையும் எழுதலாம், கோமாளி பேரையும் எழுதலாம்."

"அவன் ஒரு வார்த்தை கூடப் பேசலைய்யா."

"தெரியும். ரைட்டரும் அப்படித்தான் குறிச்சிருக்காரு. குறிச்சதைக் கிழிச்சாச்சு." அவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்க."

ஏசுவடியான் எழுதினார். 'கோமாளி வேடம் தாங்கிய சங்கையா என்பவர் அனுமதிக்கப்படாத சொற்களைத் தாமே உரக்கக் கூறி, பொதுமக்களையும் கூறத் தூண்டினார் என்பதை நேரில் கண்ட நான்...' எழுதும்போது 'தாமே' என்ற இடத்தில் கை நின்றது. அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்க வாய் எடுத்தார். கேட்கவில்லை. ஆனால் ராஜகுரு 'சொற்களை தாமே' என்று சொன்னதை, நடுவில் ஒற்றுப் போட்டு, சொற்களைத் தாமே என்று எழுதினார். பதினெட்டு வருஷம் பிள்ளைகளுக்குத் திருத்திய கை. அது தானாகவே செய்தது. கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் சங்கையாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மிசா என்றார்கள். விசாரணை இல்லை, தவணை இல்லை, எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. யார் சொல்லிப் பிடித்தார்கள் என்று ஊர் பேசிப் பார்த்தது. ரைட்டர்தான் எழுதிக் கொடுத்திருப்பான் என்று அதுவே முடிவுக்கும் வந்தது. வாத்தியாரையும் ஜீப்பில் கூட்டிப்போய் மிரட்டினார்களாம் பாவம் என்று வெள்ளத்துரை எல்லோரிடமும் சொன்னார்.

பத்து நாள் கழித்து சங்கையாவின் மனைவி சந்தனம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கையில் முழுத்தாள் இரண்டு வாங்கி வைத்திருந்தாள். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் ஏசுவடியானிடம்தான் வருவார்கள். அவளும் அங்கேதான் வந்தாள்.

"இவுக ஒண்ணுமே பேசலைன்னு எழுதுங்க வாத்தியாரய்யா. நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் பேசுனாக. நானும் முன்னால உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

ஏசுவடியான் எழுதினார். 'மேற்படியார் தவறேதும் செய்யாத ஏழை விவசாயி' என்று எழுதினார். 'கருணை கூர்ந்து' என்று எழுதினார். யார் சாட்சி என்ற பேச்சே வராமல் எழுதினார். அவள் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, "நல்லாருப்பீக" என்று சொல்லிப் போனாள்.

பதில் வர இரண்டரை மாதம் ஆயிற்று. நீளமான பழுப்பு உறை. உள்ளே தமிழில் ஒரு தாள். சந்தனம்மாள் அதைப் பிரிக்காமல் மடியில் கட்டிக்கொண்டு நேராக அவரிடம் கொண்டுவந்தாள். ஏசுவடியான் முதலில் மனத்துக்குள் படித்தார். மூன்றாவது பத்தியில் இருந்தது: 'சூரனேந்தல் பள்ளி ஆசிரியர் திரு. ஏசுவடியான் அவர்கள் தம் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் அடிப்படையில், மேற்படி சங்கையாவை விடுவிக்க இயலாது.'

"என்னய்யா போட்டிருக்கு?"

அவர் உரக்க வாசித்தார். மனு கிடைக்கப் பெற்றது. பரிசீலிக்கப்பட்டது. தற்போது விடுவிக்க இயலாது. தன் பெயர் இருந்த பகுதியை விட்டுவிட்டார்.

சந்தனம்மாள் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இம்புட்டுத்தானா? கடுதாசி நீளமா இருக்கே?"

"அதெல்லாம் நம்பரும் தேதியும்மா. ஆபீஸ் சமாச்சாரம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, அதை நாலாக மடித்து மறுபடி மடியில் கட்டிக்கொண்டாள். அன்று அவர் மத்தியானம் வகுப்பு எடுக்கவில்லை. பிள்ளைகளைப் புத்தகம் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். அந்தத் தாளை வேறு யாரிடமாவது காட்டுவாளோ என்று ஒரு பயம். அருப்புக்கோட்டைக்குப் போனால் வாசித்துச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். பல நாள் அவர் அவளுடைய முந்தானை முடிச்சைப் பார்த்தார். அவள் யாரிடமும் காட்டவில்லை. வாத்தியாரே வாசித்துவிட்டாரே.

ஐப்பசியில் மழை பெய்தது. கண்மாய் நிறையவில்லை என்றாலும், கம்பும் பருத்தியும் விதைக்கப் போதுமான மழை. நாடகத்தின் பலன் என்றது ஊர். வெள்ளத்துரை கோயில் முன்னால் வைத்து ஏசுவடியானுக்குச் சரிகைத் துண்டு போர்த்தினார். எல்லார் காடும் பச்சை விட்டபோது சங்கையா காடு மட்டும் கோரை முளைத்துக் கிடந்தது. நாலு பேர் சேர்ந்து உழுது தருகிறோம் என்றார்கள். அவுக வரட்டும் என்று சொல்லிவிட்டாள் சந்தனம்மாள்.

பதினோரு மாதம் கழித்து, அடுத்த மாசியில், சங்கையா பஸ்ஸில் வந்து இறங்கினான். ஆள் பாதியாகியிருந்தான். முன்பல் இரண்டு இல்லை. அடித்தார்களா என்று கேட்டவர்களிடம், விழுந்துவிட்டேன் என்றான். ஏசுவடியான் இரண்டு நாள் தாமதித்து, மூன்றாம் நாள் போய்ப் பார்த்தார். சங்கையா கட்டிலிலிருந்து எழுந்து நின்று, "வாங்க சார்" என்றான்.

நாற்பது வருஷத்தில் அவரைப் பார்த்து அவன் வாயிலிருந்து 'சார்' என்ற சொல் வந்ததில்லை.

பங்குனியில் எமர்ஜென்சியை எடுத்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் பேசத் தொடங்கினார்கள். டீக்கடையில், பஸ்ஸில், சந்தையில் ஒரு வருஷத்துப் பேச்சையும் ஒரே வாரத்தில் பேசித் தீர்த்தார்கள். சித்திரையில் நாடகத்தை முழுசாகப் போட வேண்டும், ஒரு வார்த்தை குறையாமல் போட வேண்டும் என்றார் வெள்ளத்துரை. "கோமாளி சங்கையாதான். நீங்க போய்ச் சொல்லுங்க, உங்க பேச்சைத் தட்ட மாட்டான்."

ஏசுவடியான் போனார். சங்கையா வீட்டு வாசல் வேம்படியில் உட்கார்ந்து மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான்.

"சித்திரையில நாடகம் போடுறாகளாம்."

"போடட்டும் சார்."

"நீ கோமாளிக்கு வரணுமாம்."

"நோட்டைக் குடுங்க சார். எழுதியிருக்கதைப் பேசிர்றேன்."

"நோட்டு எதுக்கு சங்கையா? இப்ப ஒரு தடையும் இல்ல. பழையபடி அந்த இடமெல்லாம் காலியா விட்டிருக்கேன். உன் இஷ்டத்துக்குப் பேசு."

சங்கையா ஒரு வற்றலை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போட்டான். "இஷ்டத்தையும் எழுதிக் குடுத்துருங்க சார். அதான் நல்லது."

ஏசுவடியானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, குரல் எழும்பாமல், "சங்கையா, அந்த வாக்குமூலம்... நான்தான்லே எழுதினேன்" என்றார்.

"தெரியும் சார். அங்க காட்டுனாக. கையெழுத்தைப் பாக்கணும்னு இல்ல, எழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு." அவன் கிள்ளுவதை நிறுத்தவில்லை. "அதுல தாமேன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. எனக்கு அர்த்தம் வெளங்கலை. பக்கத்துல இருந்த ஒரு படிச்ச ஆளுகிட்டக் கேட்டேன். யாரும் சொல்லாம, நானாச் சொன்னேன்னு அர்த்தமாம்."

"என்னை மன்னிச்சிருலே."

சங்கையா பதில் சொல்வதற்குள் சந்தனம்மாள் உள்ளேயிருந்து கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். முதல் தம்ளரை ஏசுவடியானுக்குக் கொடுத்தாள். "அய்யா எழுதின மனுவுலதான இவுக உசுரோட வந்து சேந்தாக. இவுகளுக்கு நான் அதைச் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

ஏசுவடியான் தம்ளரைப் பிடித்தபடி சங்கையாவைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தார். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தார். அவள் தம்ளரைப் பிடுங்கி எறியட்டும், ஊரைக் கூட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும்.

"ஆமா" என்றான் சங்கையா. "சார் எழுதினதுலதான்."

ஏசுவடியான் காப்பியை முழுவதும் குடித்தார். சூடு நாக்கைப் பொசுக்கியது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாரேம்மா என்று சொல்லி எழுந்து வந்தார்.

சித்திரையில் நாடகம் நடந்தது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து வேறொரு ஆளைக் கோமாளிக்குக் கூட்டிவந்தார்கள். பசி, மழை, ஏன் எல்லாம் மேடையிலேயே இருந்தன. ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள். சங்கையா அன்று விதைக் கடலை வாங்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தான்.

ஆனியில் ஏசுவடியான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, வீரசோழனுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஏன் போகிறீர்கள் என்று ஊரே கேட்டது, ரோஸியும் கேட்டாள். பிள்ளைகள் படிப்புக்காக என்றார். புது ஊரில் முதல் வாரமே ஒரு பெண் முழுத்தாளோடு வந்து மனு எழுதித் தரக் கேட்டாள். தனக்குக் கையெழுத்து நன்றாக வராது என்று சொல்லி, அவளைத் தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் அனுப்பிவிட்டார்.